மீண்டும் என்னும் சொல்

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் வாயில் 'இட்டரேஷன்' என்னும் சொல் இப்போது அடிக்கடி வருகிறது. கணிப்பொறியை ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதையே அப்படிக் கூறுகின்றனர். 'மீண்டும்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் வேர். செக்குமாடும் திரும்பத் திரும்பத்தானே சுற்றுகிறது, இதில் என்ன சிறப்பு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

நம் தஞ்சைத் தரணியில் குறுவை அறுத்த வயலிலேயே, நின்ற தாளை மடக்கி உழுது, அடுத்த பயிரை நடுகிறோம். தாளடி என்று அதற்குப் பெயர். வயல் அதே வயல், நடவும் அதே நடவு. ஆனால் முன்னைப் பயிரின் தாள் மண்ணுக்குள் போயிருக்கிறது. ஒரே சொல் மீண்டும் வந்து வேறு பொருள் தரும் அணியைத் தண்டியலங்காரமும் 'மடக்கு' என்றே அழைக்கிறது. உழவரும் புலவரும் ஒரே வினைச்சொல்லில் சந்திப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

சமர்கந்தில் வாழ்ந்த ஜம்ஷீத் அல்காஷி 1424ஆம் ஆண்டில் வட்டத்தின் சுற்றளவை ஆராய்ந்தார். மூன்றை 28 முறை இரட்டித்தால் எத்தனை வருமோ, அத்தனை பக்கங்கள் கொண்ட உருவத்தை அவர் எடுத்துக்கொண்டார். எண்பது கோடிக்கும் மேல்! ஒவ்வொரு முறையும் செய்த கணக்கு ஒன்றே. முன்முறை கிடைத்த விடையே அடுத்த முறைக்கு விதையாயிற்று. 'பை' என்னும் எண்ணைப் பதினாறு தசம இடங்கள்வரை பிழையின்றிக் கண்டார். செக்குமாட்டிற்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: மாட்டின் முந்தைய சுற்று அடுத்த சுற்றுக்கு எதையும் கொடுப்பதில்லை.

இனி நம்மைத் தொடும் இடத்திற்கு வருவோம். ஐவேளைத் தொழுகையில் பர்ளு மட்டும் 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் அல்ஹம்து சூராவை ஓதுகிறோம். இதைப் பழக்கம் என்று ஏளனம் செய்வோரிடம் நமக்கு வழக்கில்லை. தௌபாவைப் பற்றிய ஐயமே கடினமானது. இன்று பாவமன்னிப்புக் கேட்டு நாளை அதே பாவத்தில் விழுபவர் நயவஞ்சகரா? அல்லர் என்பதே நம் கருத்து. மனம் வருந்தி, விட்டு விலகி, இனிச் செய்யேன் என உறுதிகொண்டு கேட்ட மன்னிப்பு, பின்னர் கால் இடறியதால் பொய்யாகிவிடாது. மறுபடியும் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் எடையில் குறைக்கும் நெல் வியாபாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெள்ளிதோறும் கையேந்திக் கண்ணீர் விடுகிறார். சனிக்கிழமை அதே தராசு. பிறர் உரிமையைப் பறித்த பாவத்திற்கு, அதைத் திருப்பித் தருவதும் தௌபாவின் நிபந்தனை என்று மார்க்க அறிஞர்கள் வகுத்திருக்கின்றனர். அவருடைய கண்ணீரை நாம் சந்தேகிக்கவில்லை. தாள் மட்டும் இன்னும் வயலின் மேலேயே நிற்கிறது.

அடுத்த வெள்ளி இருக்கிறதே என்பார். மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்று நாமும் நம்பியிருந்தோம். 2012 முதல் 2019 வரை, தொடர்ந்து எட்டு ஆண்டுகள், அந்த நாளில் மதகு திறக்கவில்லை. ஆற்றுநீரையே நம்பிய வயல்களில் குறுவை இல்லை. குறுவை இல்லாத இடத்தில் தாளடி ஏது?