பசியாறும் பலகை

ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு அருகில் அமர்ந்து உண்பதற்கு எவருடைய அனுமதி வேண்டும்? கேட்பதற்கு இது சிறுபிள்ளைக் கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் தமிழ்நாட்டிலே இதற்கு விடை காண ஒரு தலைமுறையே போராட வேண்டியிருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. காசு கொடுத்து உண்ணும் இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேகூடப் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்ற பிரிவினை 1941-ஆம் ஆண்டு வரையில் நிலவியது. ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசித்து வந்தவர்கள், பசியெடுத்து இறங்கியதும் வேறு வேறு சாதியாயினர்! தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக்குவளை வைக்கும் கொடுமையோ அதற்குப் பின்னும் தொடர்ந்தது.

நிற்க. மலேயாவின் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங் நகரையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்தது. லாரூட் சுரங்கங்களின் வெள்ளீயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லவே அப்பாதை பிறந்தது. பின்னர் இரப்பர் வந்தது. பேராக்கின் தோட்டங்களிலே தமிழரின் லயங்களும் எழுந்தன. ஈயம் மறைந்தது, அந்தப் பாதையும் இன்றில்லை. ஆனால் மழைக்குப் பெயர்போன அந்நகரின் காலைக் கடைகள் மறையவில்லை.

அக்கடைகளில் அழகென்று சொல்ல என்ன இருக்கிறது? மங்கிய பெயர்ப்பலகை, ஆடும் மேசை, அடுப்புப் புகை, தோசை, ரொட்டி சானாய், கெட்டிப்பால் கலந்த தேநீர், அவ்வளவே. ஆயினும் விடியலில் பால்மரம் வெட்டியவனும், பள்ளி ஆசிரியரும், சந்தைக்கு வந்த சீனரும், மலாய் முதியவரும் இடம் கண்ட இடத்தில் அமர்ந்து உண்ணக்கூடிய இடம் அது. “நீ யார்?” என்று அங்கே எவரும் கேட்பதில்லை, “பசியாறியாயிற்றா?” என்றே கேட்கின்றனர். காலை உணவுக்குப் ‘பசியாறல்’ என்று பெயர் வைத்த மலேசியத் தமிழன், உணவின் முழுத் தத்துவத்தையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டான். ஆற வேண்டியது பசி, பசிக்குக் குலமில்லை.

“மாட்டிறைச்சி உண்ணாதவரும், பன்றியிறைச்சி உண்ணாதவரும், ஒன்றும் உண்ணாத சைவரும் அங்கு இருக்கின்றனரே, இதுவும் பிரிவினைதானே?” என்று சிலர் கேட்கக்கூடும். அன்று. என் வாய்க்குள் செல்வது எது என்று முடிவு செய்வது என் உரிமை. என் பக்கத்தில் அமர்பவன் யார் என்று முடிவு செய்வது என் உரிமையாகாது. முன்னது வழக்கம், பின்னது ஆணவம். 1960 பிப்ரவரி 1-ஆம் நாள், அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையின் உணவு மேசையில் அமர்ந்தார்கள். மற்றப் பொருள்களை அவர்களிடம் காசு வாங்கி விற்ற அதே கடை, உட்கார்ந்து உண்ண மட்டும் மறுத்தது. அவர்கள் வேண்டியது காப்பியா? காப்பியை வீட்டிலும் அருந்தலாம். அவர்கள் வேண்டியது நாற்காலி! ஆறு மாதத்திற்குள் அந்தக் கடை பணிந்தது.

ஆகவே எளிய கடையின் சிறப்பு அதன் எளிமையில் இல்லை. அழுக்கு மேசையிலும் தீண்டாமை இருக்கக்கூடும். பளிங்கு மாளிகையிலும் சமத்துவம் இருக்கக்கூடும். எளிமையைப் பாடிவிட்டு எழுந்துபோவது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு. விலை மலிவு என்று மகிழ்கிறோமே, அம்மலிவு யாருடைய கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது? விடியுமுன் எழுந்து, அனலில் நின்று, மாவு வீசுகிற கைகளுக்கு உரிய ஊதியம் கிடைக்கிறதா? உண்பவர்களுக்குள்ளே மட்டும் சமத்துவம் இருந்து, உணவு சமைப்பவனுக்கு அது இல்லையாயின், அது பாதிச் சமத்துவமேயாகும்.

அன்பர்களே! சமபந்தி விருந்தைத் திருவிழாவாக ஆண்டுக்கொரு முறை நடத்துவது எளிது. மாலையும் மேடையும் இன்றி, நாள்தோறும், அது சமபந்தி என்ற நினைவே இல்லாமல் நடப்பதுதான் நாகரிகம். அந்தப் பலகையில் அடுப்படித் தொழிலாளியும் அவசரமின்றி அமர்ந்து பசியாறும் நாளே அது நிறைவு பெறும் நாளாகும்.