மீண்டு வருபவளுக்கு ஒரு கட்டம்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன் முன்னோடி. ஆடுபவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். தன் பாத்திரத்தின் உடல்வலு, வேகம், தாங்குதிறன், அறிவு எல்லாம் அதில் கட்டம் கட்டமாக, எண்களாக இருக்கும்.

என் அக்கா மகளும் அவளுடைய கல்லூரித் தோழிகளும் இப்படியொரு விளையாட்டைத் தமிழில் உருவாக்கிவருகிறார்கள். களம் சோழர் காலம். அதில் தேர்ந்தெடுத்த சிறப்புப் படைவீரர்கள் வேண்டும், அவர்கள் நிஜமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. “ஆபத்துதவிகளைப் பத்தி உண்மையிலேயே என்ன தெரியும் சித்தி? வாள் எவ்வளவு நீளம், என்ன பயிற்சி எடுத்தாங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குள் வேறொன்றாக வளர்ந்தது. ஒரு படைவீரரை நிஜமாக எழுதுவது என்றால் எதையெல்லாம் எழுதுவது?

ஆபத்துதவிகள் பாண்டியரின் மெய்க்காவல் படையினர். ‘தென்னவன் ஆபத்துதவிகள்’ என்று கல்வெட்டுகளில் வருகிறார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அவர்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. சோழர் படையில் வேளைக்காரர் இருந்தார்கள். அரசனுக்கு ஆபத்து வேளை வந்தால் உயிரைக் கொடுப்போம் என்று சபதம் ஏற்றவர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனின் சிதையில் அவனுடைய மெய்க்காவலர்களும் விழுந்து இறக்கும் வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். விளையாட்டுத் தாளில் இதைக் குறிப்பது சுலபம். அச்சமின்மை, பத்துக்குப் பத்து.

ஆனால் சபதம் ஏற்றவர்களுக்கும் மனம் உண்டு. இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடம் பணியாற்றிய வேளைக்காரர், சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது போக விரும்பாமல் கலகம் செய்தார்கள் என்கிறது சூளவம்சம். தளபதிகளைக் கொன்றார்கள், அரண்மனையை எரித்தார்கள், அரசனின் தங்கையைப் பிள்ளைகளோடு பிடித்துக்கொண்டார்கள். கலகம் அடக்கப்பட்டது. பின்னாளில் புத்தரின் புனிதப் பல்லுக்கு வேளைக்காரரே காவல் ஏற்றதைப் பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கீழ்ப்படிந்தவர்கள், மறுத்தவர்கள், மறுபடி சபதம் செய்தவர்கள். ‘அச்சமின்மை’ என்ற கட்டத்துக்குள் இவர்கள் அடங்குவதில்லை. எந்தச் சபதமும் ஏற்காத அந்தத் தங்கைக்கோ கட்டமே கிடையாது.

இந்தத் தாளின் பூர்வீகம் அப்படி. 1824இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளின் பயிற்சிக்காக ஏற்றுக்கொண்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற மேசைப்போர் விளையாட்டு இந்த வம்சத்தின் மூதாதை. தன் ஆட்கள் என்னென்ன செய்வார்கள் என்று கணக்கிடுவதுதான் தளபதிக்குத் தேவை. 1978இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிநூல், பெண் பாத்திரத்தின் உடல்வலுவுக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. நிஜத்தில் அப்படித்தானே என்பது இத்தகைய விதிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். டிராகன் நெருப்பு உமிழலாம், மந்திரவாதி வெறுங்கையால் தீயை எறியலாம், பெண்ணின் தோள்வலு மட்டும் நிஜத்தை மீறக் கூடாது!

1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரம்பு இல்லை. போனது நல்லதுதான். ஆனாலும் அத்தோடு நம் வேலை முடிந்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தளபதிக்காகச் செய்த தாளில் பெண்பெயரையும் எழுத அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

புறநானூற்றின் 312ஆம் பாட்டைப் பாடியவர் பொன்முடியார் என்ற பெண்பாற்புலவர். ஒரு வீரன் உருவாக யார் யார் உழைக்க வேண்டும் என்று அதில் ஒரு தாய் வரிசைப்படுத்துகிறாள். தன் கடமையை முதலில் சொல்கிறாள். பிறகு தந்தை, வேல் வடிக்கும் கொல்லன், வேந்தன். கடைசியில் மகனுக்குரிய கடமை, போரில் யானையைக் கொன்று மீண்டு வருவது. வீரனைத் தனியாளாகப் பார்க்காமல் பலருடைய உழைப்பாகப் பார்த்த வகையில், நவீன விளையாட்டுத் தாளைவிட இந்தப் பாட்டு நிஜத்துக்கு நெருக்கமானது. பெற்று வளர்க்கும் உழைப்பு போருக்கான முதலீடாக மட்டுமே கணக்கில் வருகிறது என்ற உறுத்தலும் எனக்கு உண்டு. அதைவிடப் பெரிய உறுத்தல் கடைசி வரியில் இருக்கிறது. மீண்டு வருவதும் மகனுடைய கடமை என்றால், வந்தவனை ஏற்றுக்கொள்வது யாருடைய கடமை? வரிசையில் அந்த ஆள் இல்லை.

கொல்லன் இருக்கும் வரிசையில் நெசவாளரும் இல்லை. நான் வசிக்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு. காலட் பேட்டை பேச்சில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆயிற்று. கம்பெனி கோட்டை கட்டிச் சிப்பாய் வைத்துக் காத்த வணிகம் பெரும்பாலும் துணி வணிகம். தறிக்குப் பின்னால் நூல் நூற்று, பாவு ஓட்டி, சோறாக்கிய பெண்கள் இருந்தார்கள். ஆளுநரின் பெயராவது தேய்ந்த வடிவில் மிஞ்சியிருக்கிறது.

1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை உருவானது. தலைமை ஏற்றவர் சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். துப்பாக்கி பழகினார்கள், பர்மா வரை போனார்கள். 1945இல் படை கலைந்தது. கேப்டன் லட்சுமி கான்பூரில் மருத்துவராக வாழ்ந்ததும், 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றதும் நமக்குத் தெரியும். தோட்டத்துக்குத் திரும்பியவர்களின் பெயர்களை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. விடியற்காலையில் மறுபடியும் பால்மரத்தின் முன் கத்தியோடு நின்றபோது, அவர்கள் யாராக நின்றிருப்பார்கள்?

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி, போருக்குப் பின் சிறையும் புனர்வாழ்வு முகாமும் கண்டு, 2015இல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அடுத்த ஆண்டு வெளிவந்தது. அந்த இயக்கத்தின் அரசியலை நாம் எப்படி மதிப்பிட்டாலும், போராளியாக இருந்து மீண்ட ஒரு பெண் தன் கணக்கைத் தானே எழுதியது அரிய சாட்சியம். நிஜம் தேடுகிறவர்கள் வாளின் நீளத்தை அளப்பதற்கு முன்னால் அதைப் படிக்கலாம்.

“இது விளையாட்டுதானே சித்தி, இதையெல்லாம் சேர்த்தா யார் ஆடுவா?” என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. சதுரங்கத்தில் விதவைகள் இல்லை. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, ஏனென்றால் சதுரங்கம் தன்னை நிஜம் என்று சொல்லிக்கொள்வதில்லை. நிஜம் வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டால், எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பது அறம் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது. போரை விளையாடுவதில் எனக்கு மறுப்பில்லை. கொல்லும் திறனை நுணுக்கமாக அளந்துவிட்டு, அந்தத் திறனுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைக் கற்பனைக்கு விடுவதைத்தான் மறுக்கிறேன்.

ஆகவே தாளில் மூன்று கட்டங்கள் கூடுதலாக வேண்டும். இவளை உருவாக்க யார் உழைத்தார்கள்? எதைச் செய்யச் சொன்னால் இவள் மறுப்பாள்? மீண்டு வந்தால் யார் கதவைத் திறப்பார்கள்? திறமை ஓர் எண் கூடும்போதெல்லாம் இவற்றில் ஒன்றாவது மாற வேண்டும் என்று விதி வைக்கலாம். ஆட்டம் சுவை குறையாது, வேளைக்காரரின் கதையில் நம்மை இழுப்பதே அந்த மறுப்புதானே.

வாளின் நீளம் தவறாகிப்போனால் யாருக்கும் நட்டமில்லை. பெண்கள் உருவாக்கும் விளையாட்டிலும் அந்தக் கடைசிக் கட்டம் விடுபட்டுப்போனால், தளபதியின் தாளை நாம் நம்முடைய கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.