ஆலத்திக் கறை

ஞாயிறு

ஆம்பூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் கொண்டுவந்தார்கள். பரிமாறும்போது தொக்குக் கிண்ணம் கவிழ்ந்தது. மேசைவிரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெயும் மஞ்சளும். கவனிக்காததுபோல் எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம்.

அவர்கள் கிளம்பியதும் விரிப்பைத் துவைகல்லில் போட்டுச் சோப்புக்கட்டியால் தேய்த்தேன். மஞ்சள் சட்டென்று செக்கச் சிவந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஆலத்தி கரைச்சிட்டியா? பயப்படாதடா, அலசிட்டு வெயில்ல போடு."

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்பது ஆலத்தித் தட்டைப் பார்த்தே வளர்ந்த எனக்குத் தெரியும். சோப்பும் சுண்ணாம்பின் இனம், காரத்தன்மை உள்ளது என்பதும் பள்ளியில் படித்தது. இரண்டும் தனித்தனியாகவே இத்தனை வருடம் தலைக்குள் கிடந்திருக்கின்றன.

திங்கள்

நிறைய நேரம் அலசியபின் சிவப்பு இறங்கி, பழையபடி மஞ்சள். தொட்டால் இன்னும் பிசுக்கு. முதலிலேயே கரண்டி விளிம்பால் தொக்கை வழித்தெடுத்து, கடலைமாவைத் தூவி எண்ணெயை இழுக்க விட்டிருக்க வேண்டும். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரைந்துதான் நூலுக்குள் போகிறது. எண்ணெயை வெளியேற்றினால் பாதி மஞ்சளும் கூடவே போகும்.

பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்திருந்தாள் அம்மா. அதன் சாறு கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்தது, அதனால் மஞ்சளைச் சிவக்க வைப்பதில்லை. எங்கள் போர் தண்ணீரின் உப்புக்குச் சோப்பு திரிந்து வெள்ளையாகப் படியும். பூந்திக்கொட்டையோ அதிலும் நுரைக்கிறது. பிசையும்போது எழும் மணம் பட்டுப்புடவை துவைக்கும் நாட்களுடையது.

புதன்

மொட்டைமாடிக் கொடியில் மூன்றாம் வெயில். மதியம் பார்த்தபோது எலுமிச்சைத் தோலின் வெளிறல்.

விரிப்பு இல்லாத மேசை என்னவோ போலிருந்ததால் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். சிந்தியதெல்லாம் இலையோடு மடிந்து போயிற்று. எங்கள் ஊரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு மருத்துவர்களும், சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் ஃபாரஸ்டர் பேட்டனும், கதர் உடுத்தி இந்திய முறையில் வாழ்ந்தவர்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டவர்கள். அங்கே மேசைவிரிப்புக்கு வேலை இருந்திருக்காது என்று இலையை எடுக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி

ஜவ்வாதுமலைப் பலா ஒன்று புதூர்நாட்டிலிருந்து வந்தது. கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவித்தான் அரிந்தேன், ஆனாலும் பால் சட்டையில் ஒட்டியது. தண்ணீருக்கு அசையாத பிசின் நல்லெண்ணெய்க்கு இளகிவிடுகிறது. பிறகு அந்த எண்ணெயைப் போக்க மறுபடி பூந்திக்கொட்டை. ஒரு கறையை எடுக்க இன்னொரு கறையைக் கூப்பிடும் வேலை எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

வாழை வேறு குணம். சிந்தும்போது வெறும் தண்ணீர்போல் இருக்கும், துடைக்கக்கூடத் தோன்றாது. காற்றுப் பட்டுக் காய்ந்தபின் பழுப்பாகித் தன்னைக் காட்டும். அதற்குள் நூலைப் பிடித்திருக்கும். விரிப்பின் ஓரத்தில் எந்தப் பொங்கலிலோ வாழைத்தண்டு அரிந்தபோது விழுந்த நாலு சொட்டு இன்னும் இருக்கிறது. "துணி போனாத்தான் அது போவும்" என்பாள் அம்மா. நான் முயற்சி செய்வதில்லை.

ஞாயிறு

மஞ்சள் போய்விட்டது. எங்கே இருந்தது என்று தேடித்தான் சொல்ல முடிகிறது.

இஸ்திரி போடும்போது மூலையில் ஒரு கறுப்புக் குறி கண்ணில் பட்டது: ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு புள்ளி. சலவைக்காரர் போட்டது. சேங்கொட்டைச் சாறு காற்றில் கறுத்துவிட்டால் வெள்ளாவிக்கும் அசையாது. ஊர்த் துணியெல்லாம் ஒரே பானையில் வேகும்போது இன்ன வீட்டுத் துணி இன்னது என்று பிரித்தெடுக்க வேண்டுமே, அதற்காக வேண்டுமென்றே வைத்த கறை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக்கு மூணு புள்ளிடா, கோடு கெடையாது" என்றாள். "இது யார் வீட்டுதுன்னு தெரியலையே."

விரிப்பை மடிக்காமல் இருவரும் கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.