அறிவு பட்ட கடன்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. பெரியவர்கள் பெருமூச்சு விட்டு, "எல்லாம் விதி" என்கிறார்கள். அந்தச் சொல்லில் துயரத்துக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்ளும் வழியும் அதிலேயே இருக்கிறது. எது விதி, எது நம் அசட்டை என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். இது ஒரே நாளில் வந்து தாக்கும் நோய் அன்று. செல்கள் மெல்ல மாறிப் புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த மாற்றத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்று பாபனிக்கொலாவ் என்ற மருத்துவர் 1940-களிலேயே காட்டிவிட்டார். நோய்க்கு மூலம் ஒரு வைரஸ் என்பதை 1980-களில் எடுத்துக்காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹௌசன், அதற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றார். 2006-இல் தடுப்பூசியும் வந்துவிட்டது.

ஆய்வுக்கூடம் தன் வேலையைச் செய்தது. ஆனால் நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் கிராமங்களில் எங்கே இருக்கிறார்கள்? செல்வ நாடுகளில் பல உயிர்களைக் காத்த பரிசோதனை, இங்கே பெரும்பாலும் நகரத்து ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிட்டது.

இங்கேதான் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மிகச் சிறந்த பரிசோதனை எது என்று அது கேட்கவில்லை. கிராமத்தில் ஒரு நர்ஸ் செய்யக்கூடிய பரிசோதனை எது என்று கேட்டது. ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரைப் போன்ற, நீர் கலந்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிச் சற்று நேரம் பொறுத்திருந்தால், மாறிய இடம் வெளுத்துக் காட்டும். நோய் முற்றாத நிலையானால் அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஆராய்ச்சியில் 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனை செய்துகொண்டார்கள். 2007-இல் முடிவு வெளியாயிற்று. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட, இந்த நோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

அழைக்கப்படாத ஊர்கள்! அங்கே ஏறக்குறைய 31,000 பெண்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வழக்கமான வைத்திய வசதிகளோடு மட்டும் விடப்பட்டார்கள். இது நியாயந்தானா? ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது என்பது ஆராய்ச்சியின் வாதம். அதை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. உண்மை தெரிந்தபின் அது அந்தப் பெண்களின் வாசலுக்கு வந்து சேர வேண்டும். வந்து சேராவிட்டால், அவர்கள் காத்திருந்தது யாருக்காக? பொதுமக்களின் உடலிலிருந்து பெற்ற அறிவு பொதுமக்களுக்குப் பட்ட கடன் அல்லவா?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இம்முறையைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் விரித்தது. ஆயினும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 30 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில், ஒரு தடவையேனும் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 1.9 சதவீதம். மற்றவர்களுக்கு முன்னே நிற்கிறோம் என்று நாம் பெருமை கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேரை விட்டுவிட்டு நிற்கிறோம் என்பதையும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

குறை பணத்தில் மட்டும் இல்லை. ஆராய்பவர் ஒரு பக்கம், திட்டம் வகுப்பவர் ஒரு பக்கம், ஊசியும் மருந்தும் கையில் வைத்திருப்பவர் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நின்றால் எந்த நன்மையும் பாதி வழியில் நின்றுவிடும். பரிசோதித்து, "உனக்குக் கோளாறு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சிகிச்சைக்கு வழி செய்யாமல் அனுப்பினால், நாம் கொடுத்தது வைத்தியம் அன்று, பயம். அதுபோலவே, எல்லா வசதியும் இருந்தும் அழைப்பை ஏற்று ஒருவரும் வராவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? திண்டுக்கல்லிலும் அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வரவில்லை. வீட்டு வேலையும் கூச்சமும், "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற எண்ணமும் நம் பெண்களை எப்படிக் கட்டிப்போடும் என்பது நாம் அறியாததா?

அந்தக் கட்டை அவிழ்க்கும் பங்கு சர்க்காருடையது மட்டும் அன்று. இதைப் படிக்கும் வீட்டில் முப்பது வயதைக் கடந்த பெண் ஒருத்தி இருப்பாள். அந்த வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கும் அநேகமாக முப்பது கடந்திருக்கும். இந்தச் செய்தி முதலாமவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. இரண்டாமவளுக்கு யார் சொல்வார்கள்?