எதிர் வலம்

ஆசியக் கண்டத்தை மொழியாலும் மதத்தாலும் பிரதேசங்களாகப் பகுத்துக் காட்டும் தேசப்படத்தில், மேற்குத் திபெத்தில் 6638 மீட்டர் உயர்ந்து நிற்கும் கைலாசத்துக்கு எந்த வர்ணம் தீட்டுவதென்பது எனக்கு வெகுநாளைய சந்தேகம். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்னாலி ஆகிய நதிகள் அதன் சுற்றுப்புறத்தில் பிறந்து வெவ்வேறு ஜனங்களுக்குச் சோறிடப் போவதுபோலவே, அதுவும் சைவருக்குச் சிவனது வாசஸ்தலமாகவும், சமணருக்கு ரிஷபதேவர் முக்தியடைந்த அஷ்டாபதமாகவும், பௌத்தருக்குச் சக்ரசம்வரரின் மண்டலமாகவும் விளங்குகிறது. திபெத்தின் பழைய போன் மதத்தினரோ, ஏறக்குறைய 52 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை இடமாகவே வருகின்றனர். கைகளில் மரக்கட்டைகளை மாட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து உடலாலேயே வழியை அளந்து வரும் பௌத்தர் அவர்களை எதிர்கொள்கிறார். பாதை ஒன்றாயிருக்கத் திசை மாறினால் சேருமிடமும் மாறுமோ? தர்க்க சாஸ்திரிகள் வாதிக்கட்டும். 5600 மீட்டருக்கு மேலுள்ள டோல்மா கணவாயில் ஏறுகிறவருக்கு விவாதம் செய்ய மூச்சு ஏது?