தலை குனிந்தால் வழிபாடா?

1932 மே மாதம். டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழக மாணவர்கள் ராணுவப் பயிற்சி அதிகாரியுடன் யாசுகுனி ஆலயத்துக்குச் சென்றார்கள். போரில் மாண்டவர்களைத் தெய்வங்களாகப் போற்றும் ஷிண்டோ ஆலயம் அது. மற்றவர்கள் வணங்க, சில கத்தோலிக்க மாணவர்கள் மட்டும் தலை குனியாமல் நின்றார்கள்.

1913-இல் இயேசு சபையினர் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் ஆட்டம் கண்டது. ராணுவம் தன் அதிகாரியைத் திரும்ப அழைத்துக்கொண்டது, பத்திரிகைகள் சாடின.

டோக்கியோவின் கத்தோலிக்கப் பேராயர் ஷம்போன் கல்வி அமைச்சகத்திடம் விளக்கம் கேட்டார். அந்த வணக்கம் நாட்டுப்பற்றையும் அரச விசுவாசத்தையும் காட்டுவதுதான் என்று பதில் வந்தது. 1936-இல் வத்திக்கானும் அதை ஏற்று, கத்தோலிக்கர் அத்தகைய வணக்கத்தில் கலந்துகொள்ள அனுமதித்தது.

ஒரு செயல் வழிபாடா, மரியாதையா என்று முடிவு செய்வது யார்? அரசா, திருச்சபையா, குனிகிறவரின் மனமா? 17-ஆம் நூற்றாண்டில் இதே ஜப்பானில், கிறிஸ்தவர்களைக் கண்டுபிடிக்க, கிறிஸ்துவின் உருவம் பொறித்த பலகையைக் காலால் மிதிக்கச் சொன்னார்கள் அதிகாரிகள். உள்ளே நம்பிக்கையைக் காத்துக்கொண்டு மிதித்தவர்கள் உண்டு. மறுத்து உயிர்விட்டவர்களும் உண்டு. உடல் செய்வது மனத்தையும் தொடும் என்பதை அந்த அதிகாரிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

வெறும் மரியாதைதான் என்றால், சில இளைஞர்கள் நிமிர்ந்து நின்றதற்கு ஒரு ராணுவம் ஏன் அவ்வளவு பதற வேண்டும்? அமைச்சகத்தின் விளக்கம் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.