சோயாவும் கொடையின் அறமும்

பசித்தவருக்குச் சோறு போடுவது, சோற்றை விளைவித்துக்கொள்ள விதை கொடுப்பது, இவ்விரண்டில் எது உயர்ந்த அறம் என்பது பல சமய மரபுகளும் எடுத்து ஆராய்ந்த கேள்வி. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடஸ், தம் ‘மிஷ்னே தோரா’ என்னும் சட்டத் தொகுப்பில் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். வறியவருக்குக் கடனோ கூட்டுத் தொழிலோ வேலையோ தந்து, அவர் மறுபடி கையேந்தாத நிலையில் நிறுத்துவதே அவற்றில் உச்சம். இஸ்லாமியச் சட்ட மரபும் இதே திசையில் சென்றது. தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்கு ஜகாத் என்னும் கட்டாயக் கொடையிலிருந்து தரலாம் என்ற ஷாஃபி மரபின் கருத்தை 13ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் நவவி பதிவு செய்திருக்கிறார்.

இந்த மரபுகளின்படி பார்த்தால், சிறு விவசாயிக்கு நல்ல விதை தருவது மேலான கொடை. ஆனால் விதை கைமாறியதும் அந்தக் கொடை நிறைவு பெற்றுவிடுகிறதா? ஆப்பிரிக்காவில் சோயா பயிர் வந்த வரலாறு இந்தக் கேள்விக்கு வேறெந்தப் பயிரைவிடவும் தெளிவாக விடை தருகிறது.

சோயா விதையில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதமும் 20 விழுக்காடு எண்ணெயும் உண்டு. மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. சோயாவில் அது நிறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் நம்பி வளரும் குழந்தைக்கு இதைவிட மலிவான துணை உணவு கிடைப்பது அரிது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு ஊட்டுவதால், உரம் வாங்க இயலாதவரும் இதைப் பயிரிடலாம். எனினும் அமெரிக்காவில் உருவான உயர் விளைச்சல் ரகங்களுக்கு ஏற்ற நுண்ணுயிர் ஆப்பிரிக்க மண்ணில் பொதுவாக இல்லை. நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் இதற்கு வழி தேடியது. உள்ளூர் நுண்ணுயிர்களோடு இணங்கும் ஆசிய ரகங்களை அமெரிக்க ரகங்களோடு கலந்து, டிஜிஎக்ஸ் என்ற வரிசையை உருவாக்கியது. ஆண்டுதோறும் நுண்ணுயிர் உரம் வாங்கும் தேவை அதனால் குறைந்தது. கொடுப்பவரைச் சார்ந்தே பெறுபவர் வாழவேண்டியதில்லை என்ற மைமோனிடஸின் அளவுகோலுக்கு இந்த ரகங்கள் பெரிதும் பொருந்துகின்றன.

ஆனால் அந்த ரகங்கள் வருவதற்கு வெகு முன்பே நைஜீரியாவின் பெனுவே பகுதியில் சோயா விளைந்துகொண்டிருந்தது. 1930களில் ஆங்கிலேய ஆட்சி அங்கே மலேய ரகம் ஒன்றைக் கொண்டுவந்தது. திவ் இன விவசாயிகள் அதை ஏற்றுமதிக்காகப் பயிரிட்டார்கள். விளைந்தது கப்பலேறியது, விளைவித்தவர் வீட்டு அடுப்புக்கு அது பெரும்பாலும் வரவே இல்லை. ஒரு பொருளுக்குப் பயன்பாடு, பரிமாற்றம் என இரு தன்மைகள் உண்டு என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் செருப்பை வைத்து விளக்கியிருக்கிறார்: காலில் அணியலாம், கொடுத்து வேறொன்றும் வாங்கலாம். திவ் விவசாயியின் கையிலிருந்த சோயாவுக்குப் பரிமாற்றம் மட்டுமே இருந்தது. பல பத்தாண்டுகள் புரதம் நிறைந்த பயிர் வயலில் நின்றும் ஊட்டச்சத்துக்கு அதனால் பெரும்பயன் விளையவில்லை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நன்றாக வேகவைத்தோ வறுத்தோ அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். மற்ற பயறுகளைப்போலச் சமைத்தால் எளிதில் வேகாது. பச்சை வாடையும் போகாது. இந்த அறிவு விதையோடு சேர்ந்து வரவில்லை. 1987இல் இபாதான் நிறுவனம் கனடாவின் நிதியுதவியுடன் சோயாவை வீட்டு உணவாக்கும் முயற்சியைத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. புதிய உணவு எதையும் திணிக்காமல், மக்கள் ஏற்கெனவே உண்ட கஞ்சியிலும் பயறு வடையிலும் சோயாவைச் சேர்க்கும் முறைகள் கற்பிக்கப்பட்டன. வட நைஜீரியப் பெண்கள் மரக்கொட்டையைப் புளிக்கவைத்துச் செய்யும் தத்தவா என்னும் குழம்புச் சுவையூட்டிக்குச் சோயாவும் மூலப்பொருளாயிற்று. அதை விற்றுப் பெண்கள் சொந்தமாகவும் சம்பாதித்தார்கள்.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் முன்வைத்த திறன் கோட்பாடு இந்த அனுபவத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தருகிறது. ஒருவரிடம் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்டால் போதாது. அதைக் கொண்டு அவரால் என்ன செய்யவும் எப்படி வாழவும் முடிகிறது என்று கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு மூட்டை சோயா ஊட்டமாக மாற, அறிவு, எரிபொருள், நேரம், உடல்நலம் ஆகியவற்றோடு முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும்.

இவற்றில் அதிகம் கவனிக்கப்படாதது கடைசியாகச் சொன்ன உரிமைதான். வட மலாவியில் எக்வெண்டேனி என்ற ஊரின் கிறித்தவத் திருச்சபை மருத்துவமனை, சத்துக் குறைவால் குழந்தைகள் மீண்டும் மீண்டும் சேர்க்கப்படுவதைக் கண்டு, 2000இல் வயலிலிருந்தே மருத்துவத்தைத் தொடங்கியது. நிலக்கடலை, துவரை, சோயா முதலியவற்றை மக்காச்சோளத்தோடு சேர்த்துப் பயிரிடச் சிறு விவசாயிகளுக்குத் துணை நின்றது. பயறு சந்தைச் சரக்கானதும் அதன் பணம் ஆண்கள் கைக்குப் போவதும், கூடுதல் உழைப்பு பெண்கள் தோளில் ஏறுவதும் அங்கே வெளிப்பட்டன. எனவே குழந்தைக்கு ஊட்டும் முறை, வீட்டுப் பணத்தைச் செலவிடும் முறை பற்றி ஊர்க்கூட்டங்களில் பேசினார்கள். ஆண்களும் சமைத்துப் பழகும் நாட்கள் நடத்தப்பட்டன. நீண்டகாலம் பங்கேற்ற ஊர்களில் குழந்தைகளின் எடை மேம்பட்டதை ஆய்வு காட்டியது.

விற்பனையைக் குறைசொல்வதும் சரியாகாது. கோழித்தீவன ஆலைகள் சோயாவைக் காசுக்கு வாங்குகின்றன. அந்தக் காசு பள்ளிக் கட்டணமாகிறது, மருந்தாகிறது. ஏழை தன் விளைச்சல் முழுவதையும் உண்ணத்தான் வேண்டும் என்று வெளியார் விதிப்பது, ஏற்றுமதிக்கென்றே பயிரைக் கொண்டுவந்த காலனி ஆட்சியின் அதே அதிகாரம்தான். எவ்வளவு உண்பது, எவ்வளவு விற்பது என்பதை விளைவித்த குடும்பம், அதிலும் குறிப்பாக அடுப்பையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் பெண், முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் நிலையில் அவள் இல்லாத வரை, விதை கொடுத்தவரின் கடமை முடியவில்லை.